தட்டிவிட்டுப் போகிறவன்

பயிற்சி முகாம், தென் கரோலைனா
ஜூன் 4, ஞாயிறு

தம்பி கேவியனுக்கு,

போனைப் பிடுங்கி ஒரு பையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். பத்து வாரம் கழித்துத்தான் கையில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் பேச விடுவார்களாம். அது என் அம்மாவுக்கே போதாது. ஆகவே நமக்குக் கடிதம்தான் கதி. பேனா பிடித்து எழுதி எத்தனை நாளாயிற்று, கை வலிக்கிறது.

தலையை மழித்துவிட்டார்கள். நாலு வருடம் வளர்த்த சடைகள், நாற்பது விநாடியில் தரையில் கிடந்தன. குனிந்து பார்க்கக்கூட விடவில்லை. படிப்புச் செலவை மாநிலம் பார்த்துக்கொள்ளும் என்பதற்காகத்தானே நேஷனல் கார்டு படையில் சேர்ந்தேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நாளைக்கு உனக்குக் கோடை வகுப்பு தொடங்குகிறது. இரண்டாம் தடவையாகக் கால்குலஸ். இதிலும் 'சி' கிரேடாவது வாங்காவிட்டால் சிவில் இன்ஜினியரிங் பிரிவில் உன் இடம் போய்விடும் என்று உனக்கே தெரியும். இரண்டாவது வரிசையில் உட்கார். அறுபது பேரில் கறுப்பு முகம் இரண்டோ மூன்றோதான் இருக்கும், அதற்காகப் பின்னால் போய்ப் பதுங்காதே. வீட்டுக்கணக்கைக் கொடுத்த அன்றைக்கே தொடு.

உன் கால்குலஸ் பேராசிரியர் ஹால்வர்சன் அறைக் கதவுவரை உன்னைக் கூட்டிப் போகாமலே கிளம்பிவிட்டேன். நேரமே கிடைக்கவில்லை. அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளாதே.

ஞாயிறுதோறும் எழுது.

அண்ணன்,
தாடியஸ் பெட்வே

*

கல்லூரி விடுதி, அலபாமா
ஜூன் 11

அண்ணா,

நேரம் கிடைக்கவில்லையா? கிளம்புவதற்கு முந்தின நாள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சிக்கன் விங்ஸ் தின்றாய். எலும்பை எண்ணினேன், முப்பத்தொன்று. ஹால்வர்சன் அறை அங்கிருந்து ஏழு நிமிட நடை.

நம் கறுப்புப் பையன்கள் கூடும் சாப்பாட்டு மேசையில் எழுதாத சட்டம் ஒன்றுதானே இருக்கிறது? செவ்வாய்க்கிழமை டை கட்டு, நண்பனைப் பட்டினி போடாதே என்பதெல்லாம் பிறகு வந்தவை. முதல் சட்டம், எந்தத் தம்பியும் முதல் தடவை பேராசிரியர் கதவுக்குத் தனியாகப் போவதில்லை. சீனியர் அண்ணன் ஒருவன் கூட வருவான், அவனே தட்டுவான், தட்டிவிட்டுப் போய்விடுவான். தட்டிய பிறகு தம்பி ஓட முடியாது, அதுதான் சூட்சுமம். பதினொரு பேருக்கு நீ தட்டியிருக்கிறாய் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொள்கிறாயே, பன்னிரண்டாவது ஆள் என்ன பாவம் செய்தான்?

இப்போது கோடை விடுமுறை, மேசையில் ஒரு ஆள்கூட இல்லை. உணவுக்கூடத்தில் ஜன்னலோரம் நான் ஒருவன் மட்டும் டை கட்டிக்கொண்டு சோளக் கஞ்சி சாப்பிடுகிறேன். மேசை துடைக்க வந்த அம்மா, "யாருக்கு கல்யாணம், கண்ணு?" என்று கேட்டார்.

முதல் தேர்வில் நூற்றுக்கு நாற்பத்தொன்று.

ரோஸ்கோ மாமா நேற்று வந்தார். "ஆகஸ்டுல பர்மிங்ஹாம் வந்துரு. கூரை போடுற வேலைக்கு ஆள் வேணும். காலேஜ் ஓடியா போயிரும்?" என்றார். காலேஜ் ஓடாது, நான்தான் ஓடுவேன் போலிருக்கிறது.

உன் மொட்டைத் தலையை நினைத்து உறைமேல் ஒரு படம் போட்டிருக்கிறேன். சிரி.

கேவியன்

*

முகாம்
ஜூன் 18

டேய் கேவியன்,

சிரித்தேனா என்று கேட்கிறாயா? கேள்.

சாயங்காலம் கடிதம் கொடுக்கிற நேரம். அறுபது பேர் விறைத்து நிற்கிறோம். சார்ஜென்ட் கின்கெய்ட் உன் உறையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மொட்டை மண்டை, அதற்குக் கீழே இரண்டு குச்சிக் கால், மேலே 'முட்டைப் படையின் தளபதி' என்று கொட்டை எழுத்து.

"பெட்வே, உன் சொந்தத்துல ஓவியர் யாராச்சும் இருக்காங்களா?"

"என் தம்பி, சார்ஜென்ட்."

"நல்லா வரையுறானே. தளபதிக்கு நாப்பது தண்டால்."

உறையில் படம் இருந்தால் தண்டால் என்பது இங்கே வழக்கமாம். எனக்கு எப்படித் தெரியும்? நாற்பதையும் எண்ணி எடுத்தேன். அறுபது பேரும் சேர்ந்து எண்ணினார்கள். இப்போது முகாம் முழுக்க என் பெயர் முட்டை. வெள்ளை உறை போதும், தம்பி. காலில் விழுகிறேன்.

இனி வேலைக்கு வருவோம். நாற்பத்தொன்று ஒன்றும் சாவு இல்லை. ஆனால் இந்த வாரமே ஹால்வர்சனிடம் போ. சட்டத்தை உனக்காக நான் தளர்த்துகிறேன், தனியாகப் போகலாம். "ஒண்ணும் புரியல" என்று சொல்லாதே, அதைக் கேட்டால் எந்த வாத்தியாருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. ஒரு கணக்கைப் பாதிவரை போட்டுக்கொண்டு போய், "இதுவரைக்கும் வந்துட்டேன், இங்க நிக்கிது" என்று சொல். கேட்கப் போனால் நாம் இந்த இடத்துக்கு லாயக்கில்லை என்று நினைத்துவிடுவார்கள் என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். எனக்கும் சொல்லியிருக்கிறது. அந்த வெள்ளைக்காரப் பையன்கள் வாரத்துக்கு மூன்று தடவை போய்க் கேட்கிறார்கள். அவர்களுக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

போய்விட்டு வந்து எழுது.

அண்ணன்

*

விடுதி
ஜூன் 26

அண்ணா,

போனேன். ஹால்வர்சன் நல்ல மாதிரி. அறை நிறையச் செடி வைத்திருக்கிறார். கணக்கைச் சொல்லிக் கொடுத்தார். இரண்டாவது தேர்வில் ஐம்பத்திரண்டு.

வெயில் கொளுத்துகிறது. வேறு விசேஷமில்லை.

கேவியன்

*

முகாம்
ஜூலை 2

கேவியன்,

ஹால்வர்சன் அறையில் ஒரு இலை கிடையாது. ஜன்னலில் தலைக்கவசம், சுவரில் சாய்த்த சைக்கிள், தரையெல்லாம் தாள். அந்த அம்மாள் கள்ளிச்செடியைக்கூடத் தண்ணீர் விடாமல் சாகடித்தவர். நீ கணக்கைவிடப் பொய்யில் மோசம்.

எனக்குக் கோபம் இல்லை. படிக்கட்டுவரை போய்த் திரும்பியிருப்பாய். அறைக்கு வெளியே பெஞ்சில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள், அவர்களைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். செருப்புச் சத்தம் உனக்கே பெரிதாகக் கேட்கும். திரும்பி வந்து நல்ல பிள்ளையாக எனக்கு ஒரு செடி நட்டாய்.

உனக்கு இருப்பது ஐந்து வாரம். சும்மா இருந்தால் ரோஸ்கோ மாமா உன்னைக் கூரைமேல் ஏற்றிவிடுவார். அது நல்ல வேலைதான், ஆனால் உனக்குப் பாலம் கட்டத்தான் ஆசை. முதல் நாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுக் காகிதத் துண்டில் எனக்கு ஒரு பாலம் வரைந்து காட்டினாயே, அதை இன்னும் வைத்திருக்கிறேன். இங்கே பெட்டிக்குள் இருக்கிறது.

இதோடு ஒரு சின்னச் சீட்டை மடித்து வைத்திருக்கிறேன். ஹால்வர்சன் கதவுக்கு நேரே நின்றுகொண்டுதான் அதைப் பிரிக்க வேண்டும். அதற்கு முன்னால் பிரித்தால் நீ என் தம்பியே இல்லை.

அண்ணன்

*

விடுதி
ஜூலை 11, செவ்வாய்

அண்ணா, அண்ணா, அண்ணா,

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, மனசு கையைவிட வேகமாக ஓடுகிறது. போனேன். இந்தத் தடவை நிஜமாகவே போனேன். மூன்றாவது மாடி, சைக்கிள், தலைக்கவசம், எல்லாம் நீ சொன்னபடியே.

உன் சீட்டு நாலு நாளாகச் சட்டைப் பையில் இருந்தது. விளக்கில் பிடித்துக்கூடப் பார்க்கவில்லை, சத்தியமாக. இன்று டை கட்டினேன். பத்து மணிக்கு மாடி ஏறினேன். பெஞ்சில் இரண்டு பெண்கள். அவர்களைத் தாண்டிக் கதவருகே போய்ச் சீட்டைப் பிரித்தேன். அண்ணன் ஏதோ பெரிதாக எழுதியிருப்பான், கண்ணீர் வரும் என்று நினைத்திருந்தேன்.

'தட்டுடா.'

அவ்வளவுதான். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. நான் தட்டவே இல்லை, அதற்குள் கதவு திறந்துவிட்டது.

"என் அறை வாசல்ல சிரிச்சவன் இதுவரைக்கும் எவனும் இல்ல. உள்ள வா," என்றார்.

பாதிக் கணக்கை நீட்டி, நீ சொன்ன வாக்கியத்தை அப்படியே ஒப்பித்தேன். வாங்கிப் பார்த்தார். என் பழைய தேர்வுத் தாள் இரண்டையும் தேடி எடுத்தார். சிவப்புப் பேனாவால் அங்கங்கே வட்டம் போட்டார். பதினாலு வட்டம்.

"இதெல்லாம் என்னன்னு பாரு."

பார்த்தேன். பதினாலு இடத்திலும் கழித்தல் குறி. ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போகும்போது விட்டுவிட்டிருக்கிறேன்.

"உனக்கு கால்குலஸ் தெரியும். அடைப்புக்குறியைப் பிரிக்கிறப்ப குறியை வழியில தொலைச்சுட்டு வர்ற. இதுக்கா ஒரு வருஷம் பயந்தே?"

அண்ணா, ஒரு வருடம். நான் மண்டைக்குள் எதுவும் ஏறாத ஜென்மம் என்று ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கீழே இறங்கும்போது மூன்று மூன்று படியாகத் தாவினேன். புல்வெளியில் ஓடினேன். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று உணவுக்கூடத்து அம்மாவிடம் சொன்னேன். "அப்ப கல்யாணம் நிச்சயமாயிருச்சு," என்று இரண்டு துண்டு சர்க்கரைவள்ளிக்கிழங்கு இனிப்பு கொடுத்தார். இனி ஒவ்வொரு குறியையும் பச்சை மையில் எழுதப்போகிறேன். செவ்வாயும் வியாழனும் அந்த அறைக்குப் போகப்போகிறேன். ஹால்வர்சனே போதும் போதும் என்று சொல்ல வேண்டும்.

ஒன்று மறந்தேன். கிளம்பும்போது, "யார் உன்னை அனுப்புனது?" என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். பிறகு, "அவன்கிட்ட சொல்லு. இங்க அவன் நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்கு. ஆகஸ்ட் பதினெட்டு வரைக்கும் இருக்கும்," என்றார். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, அதை அவர் சொல்லக் கூடாதாம், நீதான் சொல்ல வேண்டுமாம்.

என்ன அண்ணா அது?

கேவியன்

*

விடுதி
ஜூலை 25

மிஸ்டர் தாடியஸ் பெட்வே அவர்களுக்கு,

இரண்டு வாரமாகத் தங்களிடமிருந்து பதில் இல்லை. மூன்றாவது தேர்வில் எழுபத்தெட்டு வாங்கினேன் என்பதைத் தங்கள் தகவலுக்காகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

கல்லூரி நாள்காட்டியில் ஆகஸ்ட் 18 என்ன என்று பார்த்தேன். வசந்த காலப் பாடத்தை முடிக்காமல் விட்டவர்கள் அதை முடித்துக் கொடுப்பதற்குக் கடைசி நாள். தாண்டினால் தோல்வி. தாங்கள் வசந்த காலத்தில் ஹால்வர்சனிடம்தான் நிகழ்தகவு படித்தீர்கள். அது இல்லாமல் கணக்கு வாத்தியார் ஆக முடியாது என்று தாங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

ஆக, தங்களுக்கு நேரம் இருந்தது. விங்ஸும் இருந்தது. அந்தக் கதவுக்கு என்னைக் கூட்டிப் போகாததற்குக் காரணம் அது தங்கள் கதவு என்பதுதான். என் செடியை ஒரே வாரத்தில் கண்டுபிடித்தீர்கள். தங்கள் செடியை நான் கண்டுபிடிக்க ஐந்து மாதம் ஆயிற்று. அது எனக்குக் கேவலமாக இருக்கிறது. உங்கள் எதிரில்தானே தினமும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

உறையின் இரு பக்கமும் படம் போட்டிருக்கிறேன். வண்ணத்தில். வேண்டுமென்றேதான்.

இப்படிக்கு,
கேவியன் ப்ரூக்ஸ்

*

முகாம்
ஜூலை 30

கேவியன்,

எண்பது. பக்கத்துக்கு நாற்பதாம். சார்ஜென்ட் உறையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி கோவமா இருக்கான் போல," என்றார். ஆமாம் என்றேன். "நியாயமான கோவமா?" ஆமாம் என்றேன். அறுபதாவது தண்டாலில் கை மடங்கித் தரையில் விழுந்தேன். மிச்சம் இருபதை மூச்சு வாங்கி வாங்கி எடுத்தேன். அந்த இருபதுக்குள்தான் உனக்கு எழுதுவது என்று முடிவு செய்தேன்.

நீ சொன்னது அத்தனையும் சரி. இருபது பக்கக் கட்டுரை ஒன்று கொடுக்க வேண்டும். பன்னிரண்டு பக்கம் எழுதினேன். பதிமூன்றாவதில் ஒரு நிரூபணம் நகரவில்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், பிப்ரவரியிலேயே முடிந்திருக்கும். இரண்டு தடவை மூன்றாம் மாடி ஏறினேன். முதல் தடவை பெஞ்சில் நம் ஜெரோம் உட்கார்ந்திருந்தான், நான் கதவு தட்டிக் கொடுத்த ஏழாவது தம்பி. "அண்ணே, இந்தப் பக்கம் எங்க?" என்றான். சும்மாதான் என்று சொல்லி அவன் பக்கத்தில் உட்காராமல் திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை அந்தப் பெஞ்சைக்கூடத் தாண்டவில்லை. பதினொரு பேரைத் தள்ளிவிட்டவன், தானே அங்கே காத்துக்கிடந்தால் நீங்களெல்லாம் என்ன நினைப்பீர்கள்? இப்போது எழுதும்போது முட்டாள்தனமாக இருக்கிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. ஹால்வர்சன் மூன்று மின்னஞ்சல் அனுப்பினார். ஒன்றையும் திறக்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் நான் திரும்பி வருவதாக இல்லை. பயிற்சி முடிந்ததும் மெம்பிஸுக்குப் போய் என் சித்தப்பா மகனோடு சரக்குக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்துவிடுவது, யாரிடமும் சொல்லாமல். பேருந்துச் சீட்டும் எடுத்தாயிற்று. ஆகஸ்ட் 10, மாலை நாலரை மணி வண்டி. உன்னைக் கூரையில் ஏறாதே என்று எழுதிக்கொண்டே நான் கிடங்குக்கு இடம் பிடித்து வைத்திருந்தேன்.

உன் மூன்று மூன்று படிக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? அதற்குப் பதில் எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. அதுதான் இரண்டு வாரம்.

தாட்

*

விடுதி
ஆகஸ்ட் 4, வெள்ளி

அண்ணா,

நேற்றுப் பரீட்சை. இன்று மூன்று மணிக்கு மதிப்பெண் வந்தது. உட்கார்ந்துகொள்.

பி.

'சி' இல்லை, 'சி'யை ஒட்டினாற்போலவும் இல்லை. முழு 'பி'. கடைசித் தாளில் எண்பத்தொன்பது; பழைய தாள்களைவிடக் கூடுதலாக இருந்தால் ஹால்வர்சன் அதையே எடுத்துக்கொள்வார். கழித்தல் குறி ஒன்றுகூடத் தொலையவில்லை. சிவில் பிரிவில் என் இடம் என் இடம்தான். ரோஸ்கோ மாமாவிடம் போன் பண்ணிச் சொன்னேன். "கூரைக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்," என்றார். குரல் உடைந்திருந்தது. அந்த மனுஷன் என் அப்பா செத்தபோதுகூட என் எதிரில் அழவில்லை.

இப்போது உன் விஷயம்.

மதிப்பெண்ணைப் பார்த்த கையோடு மூன்றாம் மாடிக்குப் போனேன். தட்டினேன்.

"மின்னஞ்சல்லயே வாழ்த்துச் சொல்லியாச்சே, இன்னும் என்ன?" என்றார் ஹால்வர்சன்.

"எனக்கு ஒரு அண்ணன் இருக்கான், மேடம். பதிமூணாவது பக்கத்துல நிக்கிறான். பதினஞ்சாந்தேதி செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கூட்டிட்டு வர்றேன். இருப்பீங்களா?"

"அவன் வருவானா?"

"நான் தட்டுவேன் மேடம். தட்டுனா அவன் ஓட முடியாது. அது எங்க சட்டம்."

அவர் நாள்காட்டியை எடுத்துப் பதினைந்தாம் தேதியில் உன் பெயரை எழுதினார். பேனாவால், பென்சிலால் அல்ல. என் கண்ணால் பார்த்தேன்.

பத்தாம் தேதி உன் அணிவகுப்புக்கு நானும் மாமாவும் அவர் டிரக்கில் வருகிறோம். ஆறு மணி நேரம் ஓட்ட வேண்டும், இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டுவோம். உன் பழைய சட்டையும் அந்தப் பன்னிரண்டு பக்கமும் எங்கே இருக்கிறது என்று சொல்லாதே, உன் அம்மாவிடம் கேட்டு வாங்கிவிட்டேன். அம்மாவும் வருகிறார்கள், முன் இருக்கை அவர்களுக்கு. உன் நாலரை மணிப் பேருந்து நீ இல்லாமலே மெம்பிஸுக்குப் போகும், அதற்கு வழி தெரியும்.

ஜெரோமிடம் பேசினேன். அன்றைக்கு நீ அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் தெரியுமா என்று கேட்டான். அவன் அப்போது உள்ளே போகப் பயந்து முக்கால் மணி நேரமாக அந்தப் பெஞ்சில்தான் இருந்தானாம்.

உன் சீட்டை உனக்கே திருப்பி அனுப்புகிறேன். கதவுக்கு நேரே நின்றுதான் பிரிக்க வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று உனக்குத் தெரியும், இருந்தாலும்.

உறை வெள்ளையாகத்தான் இருக்கிறது. உனக்கு எண்பது தண்டாலே போதும்.

தம்பி,
கேவியன்

*

மூன்றாம் மாடி, பெஞ்ச்
ஆகஸ்ட் 15, செவ்வாய், பத்து மணி மூன்று நிமிடம்

தம்பி,

நீ திருப்பி அனுப்பிய சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், இடம் குறைவு, எழுத்து பொடியாகத்தான் வரும்.

தட்டிவிட்டு நீ ஓடிவிட்டாய். படிக்கட்டில் உன் காலடிச் சத்தம் கேட்டது, மூன்று மூன்று படியாகத்தான். கதவு உடைந்துவிடும் போல அப்படியா தட்டுவது? அவர் எட்டிப் பார்த்து, "போன்ல இருக்கேன் பெட்வே, அஞ்சு நிமிஷம். போயிராதே," என்றார். போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என் பக்கத்தில் ஒரு புதுப் பையன், நம் ஆள்தான், முதல் வருடமாக இருக்கும், தேர்வுத் தாளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வியர்க்கிறான். "அண்ணே, நீங்க வாத்தியாரா?" என்று கேட்டான். "இல்லடா, எனக்கும் ஒரு கணக்கு நிக்கிது," என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். தாளைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டான். கீழே வந்ததும் இவனை மேசைக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன், எனக்கும் சேர்த்து இடம் போட்டு வை.

பதிமூன்றாவது பக்கத்தை எடுத்து மேலே வைத்துக்கொண்டேன். இதற்கு எண்பது தண்டாலே தேவலை.

அவர் கதவைச் சாத்தவில்லை. இங்கிருந்து உள்ளே தெரிகிறது. சைக்கிள் அதே இடத்தில் இருக்கிறது. நாற்காலி காலியாக இருக்கிறது. ஜன்னலில் தலைக்கவசத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டி, அதில் நாலு இலையோடு ஒரு செடி. தொட்டியில் காகிதம் ஒட்டி, பச்சை மையில், 'செவ்வாயும் வியாழனும் தண்ணீர் விடவும்' என்று எழுதியிருக்கிறது.

அது உன் கையெழுத்து.

போனை வைத்துவிட்டார். கூப்பிடுகிறார்.